குடும்ப வரலாறு எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

நாகர்கோவில், பூதப்பாண்டி, தக்கலை சுற்றுவட்டாரத்துக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். 'உங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறை வரலாற்றை ஆவணங்களோடு எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் சாஸ்தா கோவில்களில் ஆள் பிடிக்கிறார். எங்கள் குடும்பத்திலிருந்து மொத்தம் 18,000 ரூபாய் போயிருக்கிறது. பெயரைப் போட முடியாது, ஏனென்றால் எங்களிடம் சொன்ன பெயரும் ரசீதில் இருக்கிற பெயரும் வேறு வேறு.

பங்குனி உத்திரத்துக்கு சென்னை, பெங்களூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிற சொந்தமெல்லாம் குடும்ப சாஸ்தா கோவிலுக்கு வந்து சேரும், அந்தக் கூட்டம்தான் அவருடைய சந்தை. வெளியூரில் இருப்பவர்களுக்குப் பாட்டா பெயருக்கு மேலே எதுவும் தெரியாது, தெரியவில்லையே என்ற குறையும் உண்டு, கையில் காசும் உண்டு. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் சிவப்பு ரெக்சின் ஃபைல். "அண்ணாச்சி, உங்க மூலக்குடும்பம் எதுன்னு தெரியுமா?" என்று பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? சித்தப்பா அங்கே நின்றபடியே 6,000 ரூபாய் முன்பணம் ஃபோன்பேயில் அனுப்பிவிட்டார்.

அப்புறம் வீட்டுக்கு வந்தார். வயசானவர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசவிட்டு எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்துகொண்டார். பழைய போட்டோக்களைப் படம் எடுத்தார், பெட்டிக்குள் இருந்த பழைய பிரமாணத்தை (நிலப் பத்திரத்தை) படம் எடுத்தார், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துகொண்டார் (அங்கே காலை வணக்கம் வேறு போடுவார், அதையும் சகித்துக்கொண்டோம்). கடைசியில் வாரிசு சரிபார்க்க வேண்டும் என்று எல்லோருடைய ஆதார் நகலையும் கேட்டார். மைனி (அண்ணி) அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பாட்டாவுக்குப் பாட்டா யாருன்னு பாக்க எனக்க ஆதார் எதுக்கு?" என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அதோடு முடிந்ததா என்றால் இல்லை, எச்சிலை ஒரு குப்பியில் துப்பிக் கொடுத்தால் மரபணுவை வைத்துப் பூர்விக ஊரையே சொல்லிவிடலாம், அதற்குத் தனியாக 9,000 ஆகும் என்றார். எந்த ஆய்வகம் என்று கேட்டால் 'பெரிய இடம், வெளியே சொல்லக்கூடாது' என்றார். நல்லவேளை, யாரும் துப்பவில்லை.

பில் வந்தது பாருங்கள், அதுதான் தமாஷ். திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் தேடியதாக லாட்ஜ் வாடகை போட்டிருந்தார். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுபது கிலோமீட்டர்கூட வராது. மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் வண்டி எவ்வளவுதான் ஊர்ந்தாலும் காலையில் போய் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம், இந்த ஊரில் யார் அதற்கு லாட்ஜ் எடுக்கிறார்கள்? அவர் 'தேடிய' நாளைக் காலண்டரில் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை, காப்பகம் பூட்டிக் கிடக்கிற நாள். பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி வேறு. ஜிஎஸ்டி எண் என்றால் பதினைந்து எழுத்து-எண்கள் இருக்க வேண்டும், இவர் போட்டிருந்ததில் பதினொன்றுதான்.

சரி, சரக்காவது ஒழுங்காக இருந்ததா? பளபளவென்று லேமினேட் செய்த ஒரு வம்சாவளிப் படம். கீழே இருக்கிற நாலு தலைமுறை, எங்கள் பெரியவர்கள் வாயால் சொன்னது, அப்படியே அட்சரம் பிசகாமல். அதற்கு மேலே போகப் போக ஒரே ராஜ வாடை. 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களை அடித்த படைத்தலைவர் ஒருவர் எங்கள் முன்னோராம், டச்சுத் தளபதி டிலனாய் சரணடைந்தபோது பக்கத்தில் நின்றவராம், அவருக்குத் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா 1765-ல் நிலம் கொடுத்தாராம். மகாராஜா 1758-லேயே காலமாகிவிட்டார். ஏழு வருஷம் கழித்து வந்து யாருக்குக் கையெழுத்துப் போட்டார்?

அடுத்தது 1884-ஆம் வருஷத்துச் 'சான்றிதழ்'. பழுப்பு நிறத் தாள், ஓரமெல்லாம் கருக்கியிருக்கிறார்கள், மேலே 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று அழகாக அச்சடித்திருக்கிறது. இப்படி ஒரு மாவட்டம் பிறந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். அதுவரை நாம் திருவிதாங்கூரிலும் அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். பின்கோடு போடாமல் விட்டார்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது எங்கள் வீட்டு பிரமாணத்தில் செய்த வேலைக்குத்தான். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள், அதில் '௲௮௰௭ தை மாதம்' என்று எழுதியிருக்கிறது. தமிழ் எண்ணை 1087 என்று சரியாகத்தான் படித்திருக்கிறார். படித்துவிட்டு அப்படியே கி.பி. 1087 என்று போட்டுவிட்டார்! முதலாம் குலோத்துங்கன் காலத்திலேயே முத்திரைத்தாள் வாங்கிப் பத்திரம் எழுதிய குடும்பமாகிவிட்டோம். அது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் புழங்கிய ஆண்டுக்கணக்கு. ஆவணியில் வருஷம் பிறக்கும், ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை என்றால் 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி வரை என்றால் 825. தை 1087 என்றால் 1912. பஞ்சாங்கம் பார்க்கிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

அந்த பிரமாணத்தைப் பொறுமையாகப் படித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும், அந்த நிலம் அப்பா வழியில் வந்ததே இல்லை. நாஞ்சில் நாட்டில் எங்களைப் போன்ற குடும்பங்களில் மருமக்கள் வழிதான், கொல்லம் 1101-ல், அதாவது 1926-ல், சட்டம் வந்து மாறும்வரை சொத்து மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போகும். அப்படி இருக்க இவர் படத்தில் ஏழு தலைமுறையும் அப்பன், மகன், அப்பன், மகன் என்று ஏணிப்படி மாதிரி ஏறி நிற்கிறது, ஒரு பெண் பெயர் கிடையாது. எங்கள் குடும்பம் பெண் வழியாக வந்தது, அந்தப் பெண்கள் யாருமே இல்லாமல் எங்களுக்கு ஒரு வரலாறு!

இதையெல்லாம் சொன்னபோது சித்தப்பா கேட்கவில்லை. படத்தை வரவேற்பறையில் மாட்டியாயிற்று, நான் குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவன் என்று பேர் வாங்கியாயிற்று. எல்லாம் உடைந்தது தங்கைக்கு வரன் பேச வந்த அன்றைக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் காப்பி குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார், எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர்கள் வீட்டிலும் அதே படம், அதே படைத்தலைவர், அதே 1765. "அப்பம் நாம பங்காளிகள்லா ஆயிட்டோம், பிள்ளய எப்படிக் கெட்டிக் குடுக்கது?" என்று அவர் கேட்டதும் ஒரு நிமிஷம் யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர்கள் கொடுத்தது 15,000. பேரம் பேசத் தெரிந்தவர்கள்.

உண்மையிலேயே தேட ஆசை இருந்தால் பெரிய செலவு கிடையாது. நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்கு வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும், ரொம்பப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும், அலைச்சல்தான், ஆனால் கிடைப்பது நிஜம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றன, தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் அதில் வரும். திருவனந்தபுரத்துக் காப்பகமும் நிஜமானதுதான், பத்மநாபசுவாமி கோவிலின் மதிலகம் ஓலைகள் (கோவிலின் பழைய ஓலைச்சுவடி ஆவணங்கள்) அங்கேதான் இருக்கின்றன, ஆனால் சாதாரணக் குடியானவன் வீட்டு ஏழு தலைமுறையும் ஒரே கட்டாக அங்கே காத்திருக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆதார் யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள். பணம் அனுப்பிச் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதித்தால் அந்தப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும்.

எங்கள் கதை என்ன ஆயிற்று என்றால், ரொம்ப நச்சரித்த பிறகு 3,000 ரூபாய் திரும்பி வந்தது, மீதியை 'தை கழிந்து பார்ப்போம்' என்றவருடைய எண் இப்போது அணைந்து கிடக்கிறது. காவல் நிலையத்தில், படம் கொடுத்திருக்கிறாரே, பிறகு எப்படி ஏமாற்று என்று கேட்டார்கள். ஒரு குடும்பம் மட்டும் போய் நின்றால் இப்படித்தான். மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் சேர்ந்து மறுபடி மனுக் கொடுக்கப் போகிறோம் (கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டுதான் இருக்கிறது). குளச்சல் படைத்தலைவர் உங்கள் வீட்டுச் சுவரிலும் இருந்தால் அந்தப் படத்தையும் ரசீதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எங்களிடம் சொல்லுங்கள், மனுவில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.