எம்ஆர்ச்சா, எம்டியூனா?

நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி கம்பைலரில், எந்தச் சிப்புக்காக மாற்ற வேண்டும் என்று சொல்லும் இந்த இரண்டு ஆப்ஷன்களும் (-march, -mtune) ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில் இவற்றின் வேலை வேறு.

எம்ஆர்ச் என்பது, ஒரு சிப்பின் கட்டளைகளைப் பயன்படுத்தக் கம்பைலருக்குத் தரும் அனுமதி. ‘ஹாஸ்வெல்’ என்ற சிப் வகையைக் கொடுத்தால், அதில் இன்டெல் 2013இல் கொண்டுவந்த ஏவிஎக்ஸ்2 (பல எண்களை ஒரே நேரத்தில் கையாள்பவை), எஃப்எம்ஏ கட்டளைகளைக் கம்பைலர் தாராளமாகப் பயன்படுத்தும். பெரிய அணிகளை (அர்ரே) சுற்றிவரும் லூப்களில் நல்ல வேகம் கிடைக்கும். அதே நிரல் பழைய சிப்புக்குப் போனால், அந்தக் கட்டளையைத் தொட்டதுமே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று செத்துவிடும். ஹாஸ்வெல் காலத்து பென்டியம், செலரான் சிப்புகளிலேயே ஏவிஎக்ஸ்2 கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எஃப்எம்ஏ இருந்தால் பெருக்கலும் கூட்டலும் ஒரே கட்டளையாகச் சேர்ந்து, இடையில் முழுமையாக்கல் நடக்காது. அதனால் தசம விடையின் கடைசி இலக்கங்கள் மாறலாம். கணக்கு சார்ந்த நிரல் எழுதுபவர்கள் தயவுசெய்து இதைச் சோதித்துப் பாருங்கள்.

எம்டியூன் வெறும் விருப்பம்தான். கட்டளைகளின் வரிசையும் தேர்வும் அந்தச் சிப்புக்கு ஏற்றபடி அமையும். புதுக் கட்டளை எதுவும் நுழையாது, பழைய கணினியிலும் ஓடும். ஆனால் பெரிய வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் கணினியில் மட்டும் ஓடுவதென்றால், சரி, எம்ஆர்ச்சுக்கு ‘நேட்டிவ்’ கொடுங்கள். டியூனிங்கும் கூடவே வந்துவிடும். பிறருக்குக் கொடுப்பதென்றால் ஜிசிசி 11இல் வந்த ‘எக்ஸ்86-64-வி2’ மாதிரி ஓர் அடித்தளத்தை (குறைந்தபட்சக் கட்டளைத் தொகுப்பை) எம்ஆர்ச்சுக்கு வைத்து, எம்டியூனை ‘ஜெனரிக்’ (பொதுவானது) ஆகவே விடுவேன். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9உம் அந்த வி2வைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டது.