திருநெல்வேலியில் எடுத்த என்டி-ப்ரோபிஎன்பி டெஸ்ட்

டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் குறைக்குச் சின்ன வயதிலேயே ஆபரேஷன் ஆனவன் நான். இப்போது இருப்பது லண்டனில். ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நுரையீரலுக்குப் போகும் வால்வு கசிந்து, வருடக்கணக்கில் வலது கீழறை மெல்ல விரியலாம். அதனால் ஆயுசுக்கும் செக்கப் உண்டு. எக்கோவோடு என்டி-ப்ரோபிஎன்பி ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். இதயத் தசை இழுபட இழுபட ரத்தத்தில் இதன் அளவு ஏறும்.

இந்த முறை திருநெல்வேலியில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. "லண்டன் போற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இங்கயே பாத்துரு" என்றாள் அக்கா. ஒரு லேபுக்குப் போன் செய்ததும், மறுநாள் காலையிலேயே வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார். இந்த வசதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வெறும் வயிற்றில் இருக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அவர் சீட்டில் 'பிஎன்பி' என்று மட்டும் இருந்தது, கையில் ஊதா மூடிக் குழாய். நான் கேட்டது என்டி-ப்ரோ என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி, ஹார்ட் டெஸ்ட்தான!" என்றார். ஒரே மூலப் புரதம் இரண்டாக வெட்டுப்படும்போது வருபவைதான் இரண்டும். ஆனாலும் எண்கள் வேறு. ஒன்றை வைத்து மற்றதைக் கணக்கிட முடியாது. பிஎன்பி குழாயில் சீக்கிரம் சிதையும், என்டி-ப்ரோ நின்று தாங்கும். தம்பி முகம் சுளிக்காமல் லேபுக்குப் பேசிவிட்டு, மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்.

சாயங்காலமே வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது: 210, சிவப்பு எழுத்தில். பக்கத்தில் 125-க்குள் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்க, அக்கா கலங்கிப் போனாள். அந்த 125, இதயச் செயலிழப்பு இருக்குமோ என்று பொதுவாகச் சந்தேகிக்கும்போது பார்க்கும் கோடு. என்னைப் போன்றவர்களுக்குப் பழைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் முக்கியம். லண்டனில் போன தடவை 190. அங்கே லிட்டருக்கு நானோகிராம், இங்கே மில்லிலிட்டருக்குப் பிகோகிராம். இரண்டிலும் எண் ஒன்றுதான். பிகோமோலில் வரும் ரிப்போர்ட் என்றால், இந்த எண்களோடு ஒப்பிட ஏறக்குறைய எட்டரையால் பெருக்க வேண்டும். 190-க்கும் 210-க்கும் உள்ள வித்தியாசம் தானாகவே ஏறி இறங்குகிற அளவுதான்.

இதய டாக்டரும் அதையேதான் சொன்னார். அதோடு விடாமல் ஹீமோகுளோபினும் கிரியாட்டினினும் பார்க்கச் சொன்னார். ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு இரண்டும் இந்த எண்ணை ஏற்றிவிடும்; உடல் பருமனோ இறக்கிக் காட்டும். எனக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தது, மூச்சு வாங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். ஆனாலும் வலது கீழறையின் அளவைச் சரியாகச் சொல்வது எம்ஆர்ஐதான், அதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். எண்களை ஒப்பிட, எந்தக் கம்பெனிக் கருவியில் டெஸ்ட் செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்; அது ரிப்போர்ட்டில் இல்லை. கேட்டதும் லேபில் அதைச் சேர்த்து மறுபடி அச்சடித்துத் தந்தார்கள். கடிதத்தோடு அதையும் லண்டன் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறேன்.