பழைய மின்சார கார் வாங்கப் போகிறீர்களா? திரையில் தெரியும் கிலோமீட்டரை நம்பாதீர்கள்

வேலூரில் நெடுஞ்சாலையோரம் பழைய கார் விற்கும் ஓர் இடத்தில் ஏழரை லட்சம் கொடுத்து மின்சார கார் வாங்கினேன். பேட்டரியின் கால் பங்கு செத்துப்போன காரை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை எழுதுகிறேன். அது ஒரு கடையோடு நிற்கிற வித்தையாகத் தெரியவில்லை.

எனக்கு வீடு காட்பாடியில், வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். அவ்வப்போது சென்னை விமான நிலையம் வரை போக வேண்டியிருக்கும். அது சுமார் 140 கிலோமீட்டர். கம்பெனி விளம்பரத்தில் போடும் 300 சொச்சம் கிலோமீட்டர் சாலையில் வராது என்பது எனக்குத் தெரியும். அது ஆராய் (ARAI) என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பின் சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல், வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டிப் பார்த்து வரும் எண். அந்த ஓட்டத்தில் பெரும்பகுதி மெதுவான வேகம்தான். 30 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் கொடுத்தால் போதும் என்ற கணக்கில்தான் கடைக்குப் போனேன்.

விற்பனையாளர் ஆரம்பத்திலேயே ஒரு போடு போட்டார். "சார், கம்பெனி 300-க்கு மேல் என்று சொல்லும். நான் அப்படிப் பொய் சொல்ல மாட்டேன். ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து போனால் 250 தாராளமாக வரும்." கம்பெனியையே குறைத்துப் பேசுகிறவர் யோக்கியராகத்தானே தெரிவார்! காரை இயக்கிக் காட்டினார். பேட்டரி 100 சதவீதம், போகக்கூடிய தூரம் 262 கிலோமீட்டர் என்று திரையில் வந்தது. ஓட்டிப் பார்க்க கிரீன் சர்க்கிளிலிருந்து காட்பாடி மேம்பாலம் வரை அனுப்பினார்கள். அந்த நெரிசலில் எந்த மின்சார காரும் நன்றாகத்தான் ஓடும். வேகம் குறைவு, காற்றின் தடை குறைவு, பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பவும் வரும். குறை வெளியே தெரிய நெடுஞ்சாலை வேண்டும்.

பேட்டரியில் இன்னும் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்று சொல்லும் ஆரோக்கிய அறிக்கை கேட்டேன். "கார் எங்கள் பெயரில் இல்லை சார், உரிமையாளருக்குத்தான் தருவார்கள். பெயர் மாற்றியதும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்" என்றார்கள்.

மைத்துனரை விமானம் ஏற்றிவிடக் கிளம்பிய அன்று வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. வீட்டில் முழுதாக நிறைத்த பேட்டரி வாலாஜா சுங்கச்சாவடியில் 79 சதவீதம். தாமல் ஏரிப் பக்கம் 60. சுங்குவார்சத்திரத்தில் 41. வேகம் 90-ஐத் தாண்டவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் ஒதுக்கினேன். அங்கே ஏற்கெனவே ஒரு கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மைத்துனர் வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டார். போகிறபோது, "மாமா, உங்கள் காரை நான் திரும்பி வரும்போது அனுப்புங்கள், இப்போதே கிளப்பினால் சரியாக இருக்கும்" என்று ஒரு குத்தல் வேறு.

காத்திருந்ததில் ஒரு நன்மை. 35 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றியதற்கு வந்த பில் 10.5 யூனிட். 30 யூனிட் பேட்டரியின் 45 சதவீதம் என்றால் 13.5 யூனிட் வாங்கியிருக்க வேண்டும். மீதி 3 யூனிட்டுக்கு இடமே இல்லை. திரையில் காட்டும் 100 சதவீதம், இன்று மிச்சமிருக்கும் கொள்ளளவில் 100. புதிதாக வந்தபோது இருந்த கொள்ளளவில் அல்ல. கூஜாவுக்குள் சிமென்ட் பூசிவிட்டு விளிம்பு வரை தண்ணீர் நிறைத்துக் காட்டுவது போல.

அப்படியானால் 262 எங்கிருந்து வந்தது? சாவி வாங்கும்போது என் மகள் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 262-க்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு எண்கள்: சராசரி வேகம் 23, கிலோமீட்டருக்குச் செலவு 88 வாட்-மணி. ஏசி அணைந்திருந்தது. கடைசியாக எப்படி ஓட்டினோமோ அதை வைத்துத்தான் கார் மீதித் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஏசி இல்லாமல் ஊர்வலம் போவது போல உருட்டி, செலவைக் குறைத்துக் காட்டவைத்து, பிறகு நிறைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்திலேயே உண்மையும் இருக்கிறது. 262-ஐ 88-ஆல் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 23,000 வாட்-மணி, அதாவது 23 யூனிட். சர்வீஸ் சென்டர் பின்னால் கொடுத்த அறிக்கையில் பேட்டரியின் ஆரோக்கியம் 77 சதவீதம். அதாவது, அதே 23 யூனிட்.

77 என்பது மோசமான எண். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பார்கள். ஆனால் பல நிறுவனங்களில் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது பேசும். அதுவரை எல்லாம் 'இயல்பான தேய்மானம்'.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "வேலூர் வெயில் தெரியாதா தம்பி? இந்த வெயிலுக்கு எந்த பேட்டரியும் அப்படித்தான்." நம் ஊர் வெயில் எதற்கெல்லாம் பழி சுமக்கும்! வெயிலுக்கு ஏசி ஓடுவதால்தான் தூரம் குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஏசி மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்தான் எடுக்கும். 90 கிலோமீட்டர் ஓடுவதற்குள் கார் செலவழிப்பதோ 13, 14 யூனிட். ஏசியைக் காரணம் காட்டி பத்தில் ஒரு பங்கைக் கழிக்கலாம், கால் பங்கைக் கழிக்க முடியாது. அதுவும் போக, சார்ஜ் ஏற்றும்போது 3 யூனிட்டுக்கு இடமில்லாமல் போனதற்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்?

"சென்னையில் ஒரு வங்கி அதிகாரி ஓட்டியது, ஒரே கை" என்றதும் பொய். எனக்குக் கொடுத்த ஆர்.சி. நகலில் உரிமையாளர் வரிசை எண் வரும் இடத்தின் மேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்து ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். அசல் கைக்கு வந்தபோது அங்கே 2 என்றிருந்தது. போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்ததில், கார் முதலில் வாடகை வாகனமாகப் பதிவாகி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்டது என்று தெரிந்தது. பச்சை நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்தோடு ஓடி, வெள்ளை எழுத்துக்கு மாறிய கார். நாள் தவறாமல் வேக சார்ஜிங்கில் நிறைத்து ஓட்டியிருந்தால் பேட்டரி சீக்கிரம் தேயத்தான் செய்யும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, இரண்டு லட்சம் குறைத்து காரைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகப் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற உதவி எண்ணில் கேட்கலாம்.

வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பழைய உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு காரை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் பேட்டரி அறிக்கை வாங்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ஓட்டிப் பார்க்கப் பள்ளிகொண்டா வரையாவது ஏசி போட்டு நெடுஞ்சாலையில் போங்கள். திரும்பி வந்து அவர்கள் முன்னாலேயே சார்ஜ் ஏற்றி எத்தனை சதவீதத்துக்கு எத்தனை யூனிட் போகிறது என்று பாருங்கள். ஆர்.சி.யின் அசலைக் கையில் வாங்கிப் படியுங்கள். ஏற்கெனவே இப்படி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் சார்ஜிங் பில்களையும் அழித்துவிடாதீர்கள். என் புகாரோடு நான் இணைத்த முதல் ஆவணம் மகள் எடுத்த அந்தப் புகைப்படம்தான்.