இரண்டிலும் 75 வாட், ஆனால் சூட்டைச் சரியாக அளப்பது எது?

வெப்பக் கட்டுப்பாட்டு வேப் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் மின்சிகரெட்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் என்றுதான். ஜாய்டெக்கின் ஈவிக் விடிசி மினி, எவால்வின் டிஎன்ஏ 75 சிப் போட்டுப் பலர் செய்து விற்ற கருவிகள், இரண்டுமே 75 வாட்காரர்கள். மினி 2015இல் 60 வாட்டாக வந்து, உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றியதும் 75 ஆனது. ஆனால் மினியில் இருப்பது 18650 என்ற உருளை பேட்டரி ஒரே ஒன்று, டிஎன்ஏ 75 கருவிகள் பலவற்றிலும் அதேதான். அது இறங்கி 3.2 வோல்ட்டில் நிற்கும்போது 75 வாட் வேண்டுமென்றால் 23 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சிப்பில் வீணாவது தனிக் கணக்கு. பலரும் போடும் சாம்சங் 25ஆர் தொடர்ந்து தாங்குவதோ 20 ஆம்பியர். தயவு செய்து அந்த 75ஐப் பார்த்து வாங்காதீர்கள்.

வெப்ப வரம்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே 315 டிகிரி செல்சியஸ் வரை போகும்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டிலுமே, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலின் சூட்டை நேராக அளக்கும் தெர்மாமீட்டர் கிடையாது. காயில் சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறுவதை வைத்துத்தான் சிப் வெப்பத்தைக் கணக்கிடுகிறது. 0.15 ஓம் நிக்கல் காயில் 200 டிகிரி ஏறினால் 0.33 ஓம் ஆகிவிடும், அதைக் கண்டுபிடிக்க எந்தச் சிப்புக்கும் சிரமமில்லை. அதே 0.15 ஓமில் எஸ்எஸ்316 ஸ்டீல் என்றால் 0.178தான். காயிலைப் பொருத்தும் அட்டமைசரின் திருகு கொஞ்சம் தளர்ந்து 0.005 ஓம் கூடினாலே நிக்கலில் 5, 6 டிகிரி பிசகும், ஸ்டீலில் 35 டிகிரிக்கு மேல். காயில் சூடாக இருக்கும்போதே கழற்றி மாட்டிப் பாருங்கள், கருவி அந்தச் சூட்டையே அறை வெப்பம் என்று நம்பிவிடும், அடுத்த இழுப்பில் திரவத்தை உறிஞ்சும் பஞ்சு கருகித் தொண்டையில் அறையும். திரவத்தில் இருக்கும் கிளிசரினும் கிளைகாலும் அளவுக்கு மீறிய சூட்டில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வரும் என்பதால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இங்கேதான் டிஎன்ஏ 75 முன்னால் போகிறது. கணினியில் எஸ்கிரைப் மென்பொருளைத் திறந்தால் மின்தடை ஆடுவது கண்ணெதிரே தெரியும், திருகை லேசாக அசைத்துப் பார்த்தாலே தளர்ச்சி எங்கே என்று பிடிபடும். கம்பிக்கு ஒற்றை எண் மட்டுமல்ல, வெப்பத்துக்கேற்ப மாறும் முழு வளைவையே ஏற்றலாம். மினியின் சொந்த ஃபர்ம்வேரில் டிசிஆர் (ஒரு டிகிரிக்கு மின்தடை ஏறும் விகிதம்) என்று ஒரே எண்தான், எஸ்எஸ்316க்கு 0.00092 போலக் கொடுக்க வேண்டும். சரி, மினிக்கு ஆர்க்டிக்ஃபாக்ஸ் என்ற வெளியார் ஃபர்ம்வேர் ஏற்றினால் இந்தக் குறை நிறையவே தீரும், ஆனால் அதை உட்கார்ந்து செய்யப் பொறுமை வேண்டும்.

டைட்டானியம் இரண்டிலும் ஓடும்; பஞ்சில்லாமல் செக்கச் செவேலென்று எரிக்க மட்டும் கூடாது, வெள்ளையாக ஆக்சைடு படியும். காந்தல் (Kanthal) என்ற இரும்பு-குரோமியம்-அலுமினியக் கம்பியின் மின்தடை சூட்டில் மாறுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் அது எதிலும் வெப்பக் கட்டுப்பாட்டுக்கு ஆகாது.

இந்தியாவில் 2019 சட்டப்படி இவற்றின் விற்பனையும் இறக்குமதியும் தடை, ஆகவே நான் சொல்வது பிரிட்டன் மாதிரி இடங்களில் சிகரெட்டை விட்டு இதற்கு மாறியவர்களுக்கு. ஸ்டீல் காயில்தான் என்று முடிவு செய்துவிட்டால் டிஎன்ஏ 75க்குக் கூடுதல் காசு கொடுங்கள். நிக்கலோடு நிற்பவருக்கு மினியே தாராளம். எதை வாங்கினாலும் காயில் நன்றாக ஆறிய பிறகு மாட்டி, மின்தடையைப் பூட்டிவிட்டு (அந்த அளவையே அறை வெப்ப அளவாகக் கருவியில் நிலைநிறுத்திவிட்டு), அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.