சிவப்பு மூடி இல்லையென்றால் ஊசி வாங்காமல் திரும்பி வாருங்கள்

"எல்லா இன்சுலின் ஊசியும் ஒண்ணுதாம்மா, இதையே போடுங்க." சிவப்பு மூடி ஊசி தீர்ந்துபோனதால், ஒரு மெடிக்கலில் இப்படிச் சொல்லி ஆரஞ்சு மூடி ஊசியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வாங்கிப்போன அம்மாவின் சீட்டில் காலை 24, இரவு 16 யூனிட். மூன்று வாரம் தவறாமல் போட்டும் சுகர் ஏறிக்கொண்டேதான் போனது.

கடைக்காரர் சொன்னது தவறு. நம் ஊரில் அதிகம் விற்கும் 10 மிலி பாட்டிலில் ஒரு மிலிக்கு 40 யூனிட். லேபிளில் சின்ன எழுத்தில் '40 ஐயு/மிலி' என்றிருக்கும். சிவப்பு மூடி ஊசியின் கோடுகள் இதற்கென்றே போட்டவை. ஆரஞ்சு மூடி ஊசி, மிலிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. அதில் 24 வரை இழுத்தால் உள்ளே வருவது 0.24 மிலி. 40ஆல் பெருக்கிப் பாருங்கள், 9.6 யூனிட்தான். அந்த அம்மாவுக்கு நாளெல்லாம் சேர்த்து 40க்குப் பதில் 16 யூனிட்தான் போயிருக்கிறது.

இதைவிட பயப்பட வேண்டியது அடுத்த கட்டம். சுகர் குறையவில்லை என்று டாக்டர் காலை அளவை 36 ஆக்குகிறார். ஆரஞ்சு ஊசியில் அது வெறும் 14.4. அடுத்த மாதம் வேறு கடையில் சரியான சிவப்பு ஊசி கிடைத்தால், அன்று காலை முழு 36 யூனிட்டும் ஒரே அடியாக உடம்பில் இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம், பிறகு மயக்கம். அதனால் தவறான ஊசி போட்டு வந்தது தெரிந்தால், ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே அளவைத் தொடராதீர்கள். டாக்டரிடம் ஊசியையும் பாட்டிலையும் காட்டிவிட்டுத்தான் அடுத்த டோஸ். இந்த அம்மா விஷயத்தில், பழைய ஊசியை எடுத்துவரச் சொன்ன ஒரு நர்ஸால் தப்பித்தார்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 10 மிலி பாட்டிலில் மொத்தம் 400 யூனிட். நாளுக்கு 40 என்றால் பத்து நாளில் தீர வேண்டும். அவர் வீட்டில் மூன்று வாரமாகியும் தீரவில்லை. மருந்து நீண்ட நாள் வருகிறதே என்று மகிழாதீர்கள், ஊசியைப் பாருங்கள்.

தலைகீழாகவும் நடக்கிறது. இன்சுலின் பேனா கெட்டுவிட்டது என்று அதற்குள் இருக்கும் மருந்துக் குப்பியிலிருந்து (கார்ட்ரிட்ஜ்) சிவப்பு ஊசியில் இழுக்கிறார்கள். அதில் இருப்பது மிலிக்கு 100 யூனிட். 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சுகர் 70க்குக் கீழே இறங்கி, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

மனக்கணக்குப் போட்டு ஊசியை மாற்றிப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் வேண்டாம். காலை அவசரத்தில், கண் மங்கியவர் கையில் அந்தக் கணக்கு நிற்காது.

இப்படிக் கொடுத்த கடையின் பில், மிச்ச ஊசி, அதன் உறை மூன்றையும் எடுத்து வைத்து, உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பில் தராத கடையில் இன்சுலினே வாங்காதீர்கள்.