கீலாய்டை உறைய வைத்தே கரைக்கிறோம் என்றார்கள்: 18,500 ரூபாய் போச்சு, மகள் காதில் வெள்ளைத் திட்டுதான் மிச்சம்

நேற்று சாயங்காலம்தான் கடைசியாகப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு வந்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அந்த இடத்தின் பெயர் போடவில்லை. பார்லரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. மாடியில் கண்ணாடிக் கதவு போட்டு 'ஸ்கின் கிளினிக்' என்று போர்டு மாட்டியிருக்குமே, அந்த மாதிரி இடம்.

என் மகள் காலேஜ் முதல் வருடம். போன வருடம் காதில் இரண்டாவது ஓட்டை குத்திக்கொண்டாள். புண் ஆறிவிட்டது, ஆனால் காதின் பின்பக்கம் மிளகு போல ஒரு கட்டி வந்து, சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அரிப்பு வேறு. ஆறிய புண்ணின் தழும்பு அளவுக்கு மீறித் தடித்து வளரும் இதைத்தான் கீலாய்டு என்கிறார்கள். முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டே காலேஜ் போனாள். அந்த நேரத்தில்தான் இன்ஸ்டாகிராமில் விளம்பரம்: 'கத்தி இல்லை, ஊசி இல்லை, ஃப்ரீஸ் செய்தே கீலாய்டைக் கரைக்கிறோம்.'

போனோம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் மகளின் காதை மெதுவாகத் தொட்டுப் பார்த்து, "பயப்படாத கண்ணு, எங்க அக்கா பொண்ணுக்கும் இதேதான், மூணே சிட்டிங்ல போயிடுச்சு" என்றார். அந்த 'கண்ணு'வில்தான் நான் விழுந்தேன். நீங்கள் டாக்டரா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஆறு சிட்டிங் பேக்கேஜ், முழுப் பணமும் முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி என்றார்கள். மகளிர் குழுவில் எடுத்த கடன் பணம் 18,500 ரூபாயை அங்கேயே நின்று ஜிபேயில் அனுப்பினேன்.

பேனா மாதிரி ஒரு கருவி, அதில் சின்ன கேஸ் குப்பி. சில நொடிகள் பீய்ச்சுவார்கள், அவ்வளவுதான். இரண்டாவது சிட்டிங்கில் கொப்புளம் வந்தது, "நார்மல்" என்றார்கள். நான்காவதில் கட்டியைச் சுற்றித் தோல் வெளுத்தது, "ஹீலிங் ஸ்டேஜ்" என்றார்கள். ஆறும் முடிந்தபோது சுண்டைக்காய் அரை நெல்லிக்காய் ஆகியிருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். மேடம் லீவ். மேடம் மீட்டிங். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேற்று நேரில் போனால், "உங்க பொண்ணு ஸ்கின் டைப் அப்படி, பேக்கேஜ் பணம் திருப்பித் தர மாட்டோம், வேணும்னா ரெண்டு ஃபேஷியல் ஃப்ரீயா பண்ணித் தரோம்" என்கிறார்கள். 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபேஷியலாம்!

போன வாரம் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டினோம். உறைய வைக்கும் சிகிச்சை பொய் இல்லையாம், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. முறையாகச் செய்பவர்கள் -196 டிகிரி திரவ நைட்ரஜன் வைத்துச் செய்கிறார்கள். பெரிய கட்டி என்றால் ஊசி போன்ற கருவியை உள்ளேயே செருகி, நடுவிலிருந்து உறைய வைப்பதும் உண்டு. உறைந்து இளகிய பிறகு ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் போடுவார்கள். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை. அப்படியும் சிலருக்குத் திரும்ப வரலாம் என்று டாக்டரம்மா நேராகவே சொன்னார்.

தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் -5 டிகிரி வாக்கிலேயே செத்துவிடுமாம். தழும்பை வளர்க்கும் செல்கள் சாக -30, -40 வேண்டும். அந்தப் பேனாவின் குளிர் மேல்தோலோடு நின்றிருக்கிறது. நிறம் போய்விட்டது, கட்டி போகவில்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலில் வெளுப்பு பளிச்சென்று தெரியும், சிலருக்கு மாறாமலே நின்றுவிடும் என்பதை முதல் நாளே அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

என்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். தோல் படிப்பு படித்த டாக்டரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பேக்கேஜ் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெறுமனே வெட்டி எடுத்துத் தருகிறோம் என்பவரிடமும் போகாதீர்கள், வெட்டிய இடத்திலேயே திரும்ப, இன்னும் பெரிதாகக்கூட வரலாம். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று பேசப்போகிறேன். கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் சிகிச்சையின் பெயர்கூட இல்லை, 'ஸ்கின் பேக்கேஜ் 18,500' என்று மட்டும் எழுதியிருக்கிறது. நீங்களாவது முழு பில் கேட்டு வாங்குங்கள்.