மனனமா, கூட்டு விளையாட்டா? வரலாற்று வகுப்புக்கு எது பொருந்தும்?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக இருப்பதால், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் ஆசிரியர்கள் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

மனன முறை நேரத்தை மிச்சப்படுத்தும். மலாக்காவை 1511-இல் போர்த்துகீசியரும் 1641-இல் டச்சுக்காரரும் கைப்பற்றினர் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள், ‘ஏன் மலாக்கா?’ என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வடிவமைத்த துண்டுப்புதிர் (jigsaw) என்ற கூட்டு விளையாட்டு முறையில், ஒவ்வொரு பிள்ளையும் பாடத்தின் ஒரு துண்டை மட்டும் கற்று, அதே துண்டைப் பெற்ற பிற குழுவினருடன் கலந்து பேசி, தன் குழுவுக்குத் திரும்பி விளக்க வேண்டும். என் வகுப்பில் பருவக்காற்றுத் துண்டு, அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவிக்குக் கிடைத்தது. அழிப்பானைக் கப்பலாக மேசைமீது நகர்த்தி, காற்று திசை மாறும்வரை குஜராத்தி வணிகர்கள் மலாக்கா துறைமுகத்தில் ஏன் காத்திருந்தனர் என்று அவள் விளக்கியபோது, மற்ற மூவரும் குனிந்து கேட்டனர்; அவளின்றி அவர்களின் பாடம் முழுமையாகாது.

ஒருவர் வராவிட்டால் ஒரு துண்டு விடுபடும். சிறிய வகுப்பில் இரண்டு குழுக்களே அமையும். இருந்தும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ஆண்டுகளை ஒப்பிக்கக் கடைசி ஐந்து நிமிடம் போதும்.